டிக்கியைக் காலி செய்தோம், டிரெய்லர் ஆடியது

டிசம்பர் 11, டூசான், அரிசோனா

பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீட்டில் குடியேறி இரண்டே கால் வருடம் ஆகிறது. 26 அடி நீளம், இரண்டு பேர். டல்லாஸ் வீட்டை விட்டபோதே வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். இன்று காலை கட்டிலைத் தூக்கி வெந்தயம் தேடினால், பிரிக்காத வெந்தயப் பாக்கெட் மூன்று கிடைத்தது. கூடவே பழைய வரிக் கோப்புகள், எந்தச் சாதனத்துக்கு என்றே தெரியாத நான்கு சார்ஜர், ஒரு பை நிறையக் காலிப் பைகள். வெந்தயம் தீர்ந்தது என்று நினைத்து நினைத்து வாங்கியிருக்கிறேன். தப்பு என்னுடையது மட்டும் இல்லை. இந்தியன் ஸ்டோர் பக்கத்தில் இல்லாத ஊரிலேயே சுற்றுகிறவர்களுக்கு, ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக இரண்டை எடுக்கும்.

போன வருடமும் ஒருமுறை ஒழுங்குபடுத்தினேன். அப்போது செய்த முதல் காரியம், அழகான பிளாஸ்டிக் டப்பாக்கள் பன்னிரண்டு வாங்கியது. குப்பையெல்லாம் வரிசையாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இந்தத் தடவை டப்பா வாங்குவதில்லை என்று முடிவு.

டிசம்பர் 13

இடம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு எடையைப் பார்க்கலாம் என்று இவர்தான் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டை இத்தனை நாளில் நான் வாசித்ததே இல்லை. எங்கள் வண்டியில் 1,420 பவுண்டுக்கு மேல் சரக்கு ஏற்றக்கூடாது என்று போட்டிருக்கிறது. கேட்டால் நிறையத் தோன்றும். தண்ணீரும் அதில்தான் சேர்த்தி. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. எங்கள் 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். குழாய் இணைப்பு இல்லாத பாலைவனத்தில் தங்கப் போகிறவர்கள் தொட்டியை நிரப்பாமல் கிளம்ப முடியாது.

நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்பில், லாரிகளை எடை போடும் கேட் (CAT) ஸ்கேல் என்ற பெரிய தராசில் ஏற்றினோம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்த்து ஒருமுறை, பிக்கப் மட்டும் ஒருமுறை. வித்தியாசம் 7,880 பவுண்டு. டிரெய்லரின் மொத்த எடைக்கு உச்சவரம்பு 7,600. அதாவது இரண்டு வருடமாக, அல்லது அதில் பாதி நாளாவது, வரம்பை மீறித்தான் ஓட்டியிருக்கிறோம். டயர் வெடிக்காமல் இருந்தது எந்தச் சாமி புண்ணியமோ.

டிசம்பர் 14 – 18

ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோ தாண்டாமல் பார்க்க ஒரு கொக்கித் தராசு வைத்திருப்போமே, அதை எடுத்தேன். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஒவ்வொரு பொருளையும் பையில் போட்டுத் தொங்கவிட்டு நோட்டில் எழுதினேன். எடை தெரிந்ததும் பொருள்களின் முகமே மாறிவிடுகிறது. ஆறு மாதமாகத் தொடாத, தோசைக்கல் மாதிரியான இரும்புக் கிரிடில் 70 பவுண்டு. வண்டியைச் சமன் செய்ய வைத்திருந்த மரப்பலகைகள் 60. அதே வேலையைச் செய்யும் பிளாஸ்டிக் கட்டைகளும் பக்கத்திலேயே கிடந்தன. இவருடைய கருவிப்பெட்டி 94.

இவை எல்லாம் இருந்தது முன்பக்க டிக்கியில். இந்தப் பக்கக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டிய டிக்கி அது. எங்களுக்குத் தெரிந்தது மடக்கு மேசைதான். சுலபமான இடம் என்பதால் அதிலிருந்தே தொடங்கினோம். கருவிப்பெட்டி பிக்கப்புக்குப் போனது. மற்றதெல்லாம் விற்பனைக்கும் நன்கொடைக் கடைக்கும் போயின. மொத்தம் 310 பவுண்டு குறைந்தது. அன்று ராத்திரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் 20

ஐ-10இல் பீனிக்ஸ் பக்கம் போகிறோம். பிகாச்சோ சிகரம் தாண்டிக் கொஞ்ச தூரம். வேகம் 60 மைல்தான். ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. டிரெய்லரின் பின்பக்கம் இடது, வலது, மறுபடி இடது என்று ஆட ஆரம்பித்தது. மாட்டு வண்டியில் கயிறு தளர்ந்த மாதிரி. இவர் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டு, டிரெய்லர் பிரேக்குக்கான கட்டுப்பாட்டைக் கையால் அழுத்தினார். நின்றுவிட்டது. அடுத்த டிரக் ஸ்டாப் வரை இருவரும் பேசவில்லை.

அங்கே மறுபடி தராசு. இந்தத் தடவை, டிரெய்லரின் பாரத்தை மற்ற சக்கரங்களுக்கும் பகிரும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, டிரெய்லரின் சக்கர அச்சுகள் தாங்கும் எடையையும் தனியாகப் பார்த்தோம். மொத்தம் 7,570. வரம்புக்குள் வந்துவிட்டது, நல்லது. ஆனால் அதில் அச்சுகளின் எடையைக் கழித்தால், டிரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் ஹிட்ச் உருண்டையின் மேல் இறங்கும் எடை 690தான். டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் பின்பக்கம் ஆடும். எங்களுக்கு 9 சொச்சம்.

விஷயம் இதுதான்: அச்சுக்கு முன்னால் இருந்த பாரத்தைத்தான் முழுக்கக் கழற்றியிருக்கிறோம். பின்னால் சமையலறை அலமாரி, அதற்கும் பின்னால் பம்பரில் இரண்டு சைக்கிள், எல்லாம் அப்படியே. நான் ஒழித்தது சாமான். கலைத்தது சமநிலை.

டிசம்பர் 27, க்வார்ட்ஸைட்

இங்கே லா போசா என்ற பிஎல்எம் நிலத்தில் (மத்திய அரசின் பொது நிலம்) செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்கலாம். சுற்றிலும் எங்களைப் போல நூற்றுக்கணக்கான வண்டிகள். ஆளாளுக்கு எதையாவது கழிக்கிற ஊர் என்பதால் விற்பதும் எளிது, வாங்கிவிடுவதும் எளிது. இவரைக் கடைத்தெருப் பக்கம் தனியாக அனுப்புவதில்லை.

சைக்கிள் ஒன்று விற்றாயிற்று, இன்னொன்று பிக்கப்பின் பின்தட்டில். தாங்கியோடு சேர்த்து, வால்நுனியிலிருந்து 110 பவுண்டு இறங்கியது. இனி சமையலறை.

எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு எவர்சில்வர். ஒரே அளவில் ஐந்து டபரா. மூன்று குக்கர். 20 பவுண்டு அரிசி மூட்டை மூன்று. அரிசி இனி ஒரு மூட்டைதான். பீனிக்ஸ் பக்கத்து இந்தியன் ஸ்டோருக்கு மாதம் ஒருமுறை பிக்கப்பில் மட்டும் போய் வந்தால் போதும். பாட்டியின் பெயர் வெட்டிய சம்படம் இருந்தது. அதைத் தராசில் தொங்கவிடவில்லை.

கிரைண்டரில்தான் சண்டை வந்தது. இரண்டு லிட்டர் கோயம்புத்தூர் கிரைண்டர், 26 பவுண்டு.

"கல்லை விட்டுட்டு மிக்ஸில அரைச்சுக்கலாமே," என்றார்.

"சரி. உங்க டம்பெல் ரெண்டும் எவ்வளவுன்னு நோட்டுல பாருங்க."

40 பவுண்டு. டம்பெல் பக்கத்து வண்டிக்காரருக்குப் போனது. கிரைண்டர் அச்சுக்கு முன்னால் இருக்கும் டிக்கிக்கு இடம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வெளியே மடக்கு ஸ்டூலில் வைத்து அரைக்கிறேன். பருப்பு, எண்ணெய், பாட்டில்கள் எல்லாமும் அங்கேதான். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போனது மட்டும் 80 பவுண்டு.

ஜனவரி 5

கட்டிலுக்கு அடியில் இன்னொரு கூத்து. பொருள்களை எடுத்ததும் மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது தெரிந்தது, ஓரத்தில் கரும்புள்ளி. இங்கே ராத்திரி குளிர் சரியாக அடிக்கிறது. உள்ளே நாம் விடும் மூச்சு, இட்லி ஆவி, கேஸ் அடுப்பு எரியும்போதே வெளிவிடும் நீராவி எல்லாம் குளிர்ந்த மூலையில் போய்த் தண்ணீராகிறது. பலகைவரை சாமான் அடைத்துவிட்டால் காற்றுக்கு வழி ஏது? வினிகர் போட்டுத் துடைத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். இனி அங்கே துணி மட்டும், அதுவும் பாதி அளவுக்கு. இட்லி வேகும்போது கூரை விசிறி கட்டாயம்.

ஜனவரி 9

மூன்றாவது எடைச்சீட்டு. அதே நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. மொத்தம் 7,240. டங் வெயிட் 870, அதாவது 12 சதவீதம். ஐ-10இல் இருபது மைல் ஓட்டிப் பார்த்தோம். நான்கு லாரி தாண்டியது. பின்கண்ணாடியில் டிரெய்லர் அசையவில்லை. நான்காவது லாரிக்கு அப்புறம்தான் கைப்பிடியை விட்டேன்.

பாக்கி இருப்பது சாப்பாட்டு மேசை பெஞ்சின் அடிப்பகுதி. அங்கே இவருடைய கேபிள் பெட்டி ஒன்று இருக்கிறது. 31 பவுண்டு. ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது என்கிறார்.