லாத்தா ஆபரேஷனுக்கு ஆன காசு

லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, உடம்பு எளைக்க வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. கீழக்கரையில எந்த வீட்டுக்குப் போனாலும் ஸலாம் சொன்ன கையோட "எவ்வளவு எளைச்சா"ன்னு கேக்க மாட்டாங்க, "எவ்வளவு ஆச்சு"ன்னு தான் கேப்பாங்க, அதுவும் குரலை இறக்கி. ஒவ்வொரு ஆளுக்கா சொல்லி எனக்கு வாய் வலிக்குது, அதான் நோட்டை எடுத்து வச்சு இங்கயே எழுதிடுறேன்.

லாத்தா உயரம் 157 செமீ, அப்ப எடை 96 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு, கிட்டத்தட்ட 39. ஆறு வருஷமா சுகர், மாத்திரை கூடிக்கிட்டே போகுது, ராத்திரி குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்கும். வாயைக் கட்டலன்னு யாரும் சொல்லாதீங்க, ரெண்டு தடவை 12 கிலோ குறைச்சு ரெண்டு தடவையும் திரும்ப ஏறுனதை நாங்க கூட இருந்து பாத்தோம். உம்மா தான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, "நல்லா இருக்குற வயித்தை வெட்டி எறியிறதுக்கு காசு வேறயா, ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாக"ன்னு. செஞ்சது ஸ்லீவ், அதாவது இரைப்பையில முக்கால்வாசிக்கும் மேல எடுத்துட்டு மிச்சத்தை குழாய் மாதிரி ஆக்கிடுவாங்க. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா வச்சு செய்யிறது தான், மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ராமநாதபுரத்துல காட்டுன டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னாங்க. மதுரையில ஒரு இடத்துல 3,10,000, கோயம்புத்தூர்ல 3,75,000, சென்னையில மச்சானோட ஃப்ரெண்டு விசாரிச்ச இடத்துல 4,60,000, இது எங்களுக்கு சொன்ன ரேட்டு தான், உங்களுக்கு வேற சொல்லலாம். ஆபரேஷன் ஒண்ணு தான், ஏன் இவ்வளவு வித்தியாசம்னு கேட்டா ரூம் வாடகையும் ஸ்டாப்ளரும் தான் காரணம்னாங்க. இரைப்பையை வெட்டித் தைக்கிறது ஒரு ஸ்டாப்ளர், அதுல போடுற குண்டு, அதாவது பின் அடங்குன கட்டை, ஒரு தடவைக்குத் தான், ஒரு ஆளுக்கு அஞ்சாறு செலவாகுமாம், பில்லுல பெரிய துண்டு அது தான். பேக்கேஜ்ல எத்தனை குண்டு சேந்திருக்கு, கூட போனா யார் தலையில, ரத்தம் கசிஞ்சு ஐசியூவுல வச்சா அது தனியான்னு மூணையும் பேப்பர்ல எழுதி வாங்குனோம். இதைக் கேக்கச் சொன்னது அங்க வார்டுல இருந்த ஒரு நர்ஸ் அக்கா, அவங்க நல்லா இருக்கணும். ரூம் வாடகை நாளுக்கு 5,000க்கு மேல போனா 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதனால அதுக்குக் கீழ உள்ள ரூமே போட்டோம்.

இப்ப இன்சூரன்ஸ் கதைக்கு வர்றேன், இதுல தான் எனக்கு வயித்தெரிச்சல். குடும்பத்துக்கு 5 லட்சம் பாலிசி இருக்கு, தெம்பா தான் போனோம். இந்தியாவுல டாக்டர்மார் வச்சிருக்குற கணக்குப்படி பிஎம்ஐ 40 தொடாமலேயே ஆபரேஷன் யோசிக்கலாம், சுகர் மாதிரி வியாதி இருந்தா இன்னும் குறைஞ்ச நம்பர்லயே யோசிக்கலாம். ஆனா இன்சூரன்ஸ்காரங்க கணக்கு வேற, 40 இருக்கணும், இல்ல 35 இருந்து கூடவே கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் இப்படி ஏதாவது இருக்கணும், வயசு 18 தாண்டியிருக்கணும், டாக்டர் எழுதிக் குடுக்கணும். 33 இருக்குற ஆளுக்கு டாக்டர் சரின்னாலும் கம்பெனி காசு தராது. லாத்தாவுக்கு நம்பர் சரியாத் தான் இருந்துச்சு, ஆனா பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் தான் ஆச்சு, சுகர் பழைய வியாதி, அதுக்கு 36 மாசம் முடியணும்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு கம்பெனியே நேரா காசு கட்டச் சொல்லி அனுப்புன கேஷ்லெஸ் லெட்டரை ரெண்டே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் எல்லாம் வரும்னு தான் சொன்னாரு, அவரை நம்பி பாலிசி பேப்பரைப் படிக்காம பீரோவுல வச்சது எங்க தப்பு. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கலாமான்னு கேட்டதுக்கு டாக்டர் லாத்தாவோட சுகர் ரிப்போர்ட்டை எங்க பக்கம் திருப்பிக் காட்டுனாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது. யாருக்காவது இந்த யோசனை இருந்தா சுகரை மறைக்காம எழுதி இப்பவே பாலிசி எடுத்துப் போடுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்குற சுகர் ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, கட்டுப்படலன்னு காட்ட அது தான் சாட்சி. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எங்களுக்கு ஆகாது, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், மச்சான் துபாய்ல இருக்காரு.

அப்ப கைக்காசு தான். ஆஸ்பத்திரி கவுண்டர்லயே ஒரு பையன் வட்டியில்லா இஎம்ஐன்னு வந்து நின்னான். கணக்குப் போட்டா ப்ராசஸிங் ஃபீஸ், அந்த ஃபீஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு தவணை தவறுனா அபராதம். பேரை மாத்துனா வட்டி வட்டி இல்லாமப் போயிடுமான்னு வாப்பா எந்திரிச்சே வந்துட்டாங்க. பேங்க் நகைக்கடனும் அதே காரணத்துக்காக வேணாம்னுட்டாங்க. மச்சான் மாடி எடுக்க சேத்து வச்ச 1,50,000 வந்துச்சு. தெரு பைத்துல்மால்ல, அதாவது ஜமாஅத் பொது நிதியில, நகையை வச்சு வட்டியில்லாம 50,000, அதுக்கு மேல அங்க தர்றதில்ல. உம்மா நடத்துற குலுக்கல் சீட்டு, 20 பேரு ஆளுக்கு மாசம் 5,000, முதல் மாச 1,00,000த்தை குலுக்காம எங்களுக்கே விட்டுக்குடுத்தாங்க, ஒரு மாமி கூட முணுமுணுக்கல, இதை எழுதும்போது கூட எனக்கு கண்ணு கலங்குது. மிச்சத்துக்கு உம்மா கை வளையல் ஒரு ஜோடியைக் கழட்டிக் குடுத்தாங்க, ஆமா, ஒத்துக்காத அதே உம்மா தான்.

3,10,000 கட்டுனதோட முடியலங்க. எண்டோஸ்கோபி, எக்கோ, தூங்க வச்சுப் பாக்குற டெஸ்ட் எல்லாம் 18,000. பரமக்குடி வழியா மதுரைக்கு ஆறு தடவை கார், தடவைக்கு 4,000 வச்சு 24,000. கூட இருந்த எங்களுக்கு லாட்ஜ் 7,500. ஆபரேஷனுக்கு முன்னாடி ஈரலைச் சுருக்க ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம், பின்னாடி புரோட்டீன் பவுடர், சத்து மாத்திரைன்னு ஆறு மாசத்துக்கு 27,000, ரத்த டெஸ்ட் ரெண்டு தடவைக்கு 9,000. கூட்டுனா 3,95,500. அந்தப் பிந்துன 85,500ஐ எந்த ஆஸ்பத்திரி ரேட் கார்டுலயும் பாக்க மாட்டீங்க. பி12, இரும்பு, கால்சியம், டி இதெல்லாம் ஆயுசுக்கும் சாப்பிடணும், அதை விட்டா ரத்தம் குறையும், எலும்பு போகும். நாலாம் மாசம் முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, அதுக்கு பயந்து வாங்குன எண்ணெய்க் காசை நான் நோட்டுல எழுதல.

இப்ப 69 கிலோ. சுகர் மாத்திரை மூணுல ரெண்டை நிறுத்தியிருக்காங்க, குறட்டை இல்ல. போன மாசம் மாமா பொண்ணு கல்யாணத்துல சஹன்ல, அதாவது ஒரே தட்டுல சேந்து சாப்பிடுறதுல, மூணு பேரோட உக்காந்தா, நெய்ச்சோறு மூணு வாய், கறி ரெண்டு துண்டு, அதோட கை கழுவிட்டா. பக்கத்துல இருந்த மூணு பேருக்கும் சந்தோஷம், அவ பங்கும் அவங்களுக்கே.

சீட்டு இன்னும் 12 மாசம் கட்டணும். பாலிசியையும் நிறுத்தல, அடுத்த வாரம் ரினியூவல். 2025 செப்டம்பர் 22லருந்து பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுங்கிறது மட்டும் ஆறுதல்.