கம்பெனி டெலவேரில், வேலை மஞ்சக்குப்பத்தில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சிறு வணிகர்களின் இணையதளங்களை மாதச் சந்தாவுக்குப் பராமரித்துத் தருவதே என் தொழில். வாடிக்கையாளர்களிடமிருந்து கார்டு மூலம் பணம் பெறுவது எளிதாகும் என்பதற்காக, 2022 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஓர் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) பதிவு செய்தேன். சில நாட்களில் வேலை முடிந்துவிட்டது. கம்பெனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரி என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை 2023 அக்டோபரில், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் என் ஆடிட்டரின் மேசை முன்னால் உடைந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர், “தம்பி, கம்பெனி டெலவேரில் இருக்கட்டும். வேலை எங்கே நடக்கிறது?” என்றார்.

வெளிநாட்டுக் கம்பெனியின் உண்மையான நிர்வாகம் இந்தியாவில் நடந்தால் அதை இந்தியக் கம்பெனியைப் போலவே வரிக்கு உட்படுத்தும் விதி இருக்கிறது. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டாத கம்பெனிகளுக்கு அது பொருந்தாது என்று நேரடி வரிகள் வாரியம் 2017-இல் சுற்றறிக்கை வெளியிட்டதால், அந்தப் பக்கம் எனக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறு பக்கம் இருந்தது. கம்பெனிக்காக உழைக்கும் ஒரே ஆள் கடலூரில் உட்கார்ந்திருப்பதால், அதன் தொழில் தொடர்பு இந்தியாவில் இருப்பதாகக் கொண்டு, இங்கே ஈட்டப்பட்ட லாபத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கான விகிதத்தில் வரி கேட்க முடியும். அப்போது அந்த விகிதம் 40 சதவீதம். 2024 பட்ஜெட்டில்தான் 35 ஆகக் குறைந்தது.

ஆகவே எனக்கும் கம்பெனிக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டு, நான் செய்யும் வேலைக்கு வெளியாருக்குக் கொடுக்கக்கூடிய அதே கட்டணத்தை என் பெயரில் பில் போட்டு வாங்க வேண்டும், அதை இங்கே என் வருமானமாகக் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னார். சொந்தக் கம்பெனியுடன் நடக்கும் எல்லை தாண்டிய பரிவர்த்தனை என்பதால், தொகை எவ்வளவு சிறியதானாலும் ஆண்டுதோறும் 3சி.இ.பி. என்ற ஆடிட்டர் சான்றிதழும் தேவை. எனக்கு இது பெருஞ்சுமையாகவே பட்டது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. 2023 ஜூலையில் நான் ஐ.டி.ஆர்-4 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்திருந்தேன்; வெளிநாட்டில் சொத்து உள்ளவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தவே கூடாது. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்.ஏ. நிதியாண்டுக் கணக்கில் அல்லாமல் டிசம்பர் 31-இல் முடியும் காலண்டர் ஆண்டுக் கணக்கில் கேட்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று என் எல்.எல்.சி.யிடம் இருந்தது நான் முதலீடாக அனுப்பிய 500 டாலர் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 41,000 ரூபாய். அதை மறைத்ததாகக் கருதப்பட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்ய டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. ஐ.டி.ஆர்-3 படிவத்துக்கு மாறி, ஷெட்யூல் எஃப்.ஏ.-வின் பி அட்டவணையில் எல்.எல்.சி.யையும், நான் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற கணக்கு என்பதால் ஈ அட்டவணையில் அதன் வங்கிக் கணக்கையும், அதிகபட்ச இருப்புடன் சேர்த்துக் காட்டினோம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த அபராதம் இல்லை. ஆனால் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் எனக்கு அலுவலகமோ ஊழியரோ இல்லை, வேலை முழுவதும் இங்கேதான் நடந்தது; அதனால் அங்கே வருமான வரி எழவில்லை. ஆனாலும் வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக உள்ள எல்.எல்.சி. தனக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பரிவர்த்தனைகளைத் தெரிவிக்கும் 5472 படிவத்தை, பெயரளவிலான 1120 என்ற கம்பெனி வரிப் படிவத்துடன் இணைத்து ஆண்டுதோறும் அமெரிக்க வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். இதற்கு மட்டும் நல்லவேளையாக ஏப்ரலிலேயே கூடுதல் அவகாசம் கேட்டிருந்தேன். இணையத்தில் தாக்கல் செய்ய வழியில்லை. தபாலில் அல்லது ஃபேக்ஸில்தான் அனுப்ப வேண்டும். கடைசியில் ஓர் இணைய ஃபேக்ஸ் சேவை வழியாக அனுப்பி, பக்கங்கள் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைத் தாளை அச்சிட்டு வைத்துக்கொண்டேன்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் தனி. அந்த 500 டாலரை மென்பொருள் சேவைக் கட்டணம் என்று குறிப்பிட்டு அனுப்பியிருந்தேன். உண்மையில் அது வெளிநாட்டு முதலீடு, எஃப்.சி. படிவத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கடலூர்க் கிளையில் யாருக்கும் அந்தப் படிவம் தெரியாததால், புதுச்சேரியில் உள்ள அந்நியச் செலாவணிக் கிளைக்கு மூன்று முறை பஸ்ஸில் போனேன். தாமதக் கட்டணம் 7,500 ரூபாயில் தொடங்கி, தொகைக்கும் காலத்துக்கும் ஏற்பச் சிறிது கூடியது.

வரும் வருமானத்துக்கு இத்தனை படிவங்கள் தாங்காது என்று முடிவு செய்து 2024 மே மாதம் எல்.எல்.சி.யைக் கலைத்தேன். அதற்கும் டெலவேரின் ஆண்டு வரி 300 டாலர், இறுதி 5472, மீதிப் பணம் இங்கே வந்த 30 நாட்களுக்குள் வங்கிக்கு அறிக்கை என்று வேலை இருந்தது. அந்த ஆண்டின் சில மாதங்கள் கம்பெனி உயிரோடு இருந்ததால், 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் ரிட்டர்னிலும் அதே இரண்டு அட்டவணைகளை நிரப்பி, ஆண்டிறுதி இருப்பு என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினேன்.