கேரியரில் ஏறும் அண்டா

ஆழியாறு சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் வேனை ஓரம் கட்டுவது என் வழக்கம். வருகிறவர்கள் டீ குடிக்கத்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரின் மேலும் கை வைத்துப் பார்ப்பேன். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், அதில் காற்று குறைந்திருக்கும். இல்லையேல் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு உள்ளே தலையை நீட்டி, "கடைசி சீட்டில் இருப்பவர்கள் முன்னால் காலியாக இருக்கும் இடத்துக்கு வாருங்கள்" என்பேன். சண்டை அங்கேதான் தொடங்கும். கடைசி சீட்டில்தான் சீட்டுக்கட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 22 ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். எண் பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். ஆனால் என் வண்டி கவிழப் பார்த்தது அந்த மலையில் அல்ல, உடுமலைப் பக்கம், நேரான சாலையில்.

11 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு காதுகுத்து. ஏற்ற வேண்டிய அளவைவிட 5 பேர் அதிகம். நான்தான் ஏற்றினேன், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கேரியரில் இரண்டு அண்டா, அரிசி மூட்டை, விறகு. எதிரே வந்த லாரிக்கு வழி விட ஒதுங்கியபோது இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கின. தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் இறக்கம். பதறிப்போய் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தேன். வண்டி ஏறியது, ஏறிய வேகத்தில் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. திருப்பிப் பிடித்தேன். அந்த நொடியில் தலைக்கு மேலே அண்டா நகர்ந்து 'டங்' என்று மோதிய சத்தமும், கையில் ஸ்டியரிங் காகிதம்போல் லேசானதும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒரு பக்கச் சக்கரங்கள் தரையில் இல்லை. பிறகு தொப்பென்று உட்கார்ந்தன. ஒரு பையனுக்கு முன்சீட்டுக் கம்பி பட்டு நெற்றி புடைத்ததோடு போயிற்று. பெல்ட் யாருமே போட்டிருக்கவில்லை.

சக்கரம் மண்ணில் இறங்கினால் இறங்கியபடியே ஓடட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். இது எனக்கு அன்றைக்கு முன்பே தெரியும். தெரிந்தது கைக்கு வரவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அக்காள் மகனிடம் இதைச் சொன்னபோது, அங்கே 15 பேர் போகும் வேன்களைப் பற்றி அரசே 2001-இல் எச்சரித்ததாகச் சொன்னான். 10 பேருக்கு மேல் ஏறினால், ஆள் குறைவாக இருக்கும்போதைவிடக் கவிழும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்காம். எனக்கு வியப்பாக இல்லை. ஆள் ஏற ஏறப் பாரம் மேலே போகிறது. கடைசி சீட்டோ பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. காரை ஓட்டிப் பழகியவர்கள் ஒரு நாள் வாடகைக்கு வேன் எடுத்து ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 20-இல் திரும்பும் வளைவை 40-இல் எடுத்தால், வெளியே தள்ளும் விசை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக்கை மிதிப்பது காலம் கடந்த வேலை.

இறக்கத்தில், எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல்தான். 9-வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. எல்லோரும் வரையாட்டைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, கீழே இறங்கி வரும் வேன்களிலிருந்து பிரேக் கருகும் வாடை எனக்கு மட்டும் மூக்கில் ஏறும்.

போன மாதம் மீண்டும் ஓர் அண்டா வந்தது. கேரியரில் ஏற்ற மாட்டேன் என்றேன். பெண்ணின் தாய்மாமனுக்குக் கோபம்: "வாடகை கொடுப்பது நானா, நீயா?" பின்னால் வைக்கவும் நான் விடவில்லை. கடைசியில் அவரைப் பின்னால் அனுப்பிவிட்டு, என் பக்கத்துச் சீட்டில் அண்டாவை உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டினேன். 40 வளைவுக்கும் அது வாய் திறக்கவில்லை. மாமாதான் வால்பாறை வரை பேசிக்கொண்டே வந்தார்.