தண்ணீர், முட்டை, காற்று

அக்டோபர் 29
பாய்மரப் படகின் இடது தண்ணீர்த் தொட்டியில் மறுபடியும் அதே வாடை. மூன்றாவது முறையாகக் கழுவி ஊற்றினேன்.

அக்டோபர் 30
2,500 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்று போனால் நாளைக்கு 120; இருபத்தொரு நாளில் கரை. நடுவில் காற்று செத்துப்போனால்? பாதியும் கூட்டி 32 நாளுக்குக் கணக்குப் போட்டேன். மூன்று பேர், ஆளுக்கு 4 லிட்டர், ஆக 384. இரண்டு தொட்டிகளிலும் 150, 150. இருபது லிட்டர் கேன்கள் ஐந்து. மொத்தம் 400. மிச்சம் 16 லிட்டர். இரவு முழுவதும் இந்தப் பதினாறுதான் தலைக்குள் ஓடியது.

"அரிசி வேகவைக்க மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் கலக்கலாம் அக்கா, பாத்திரத்தையும் அதிலேயே கழுவிவிடலாம்" என்கிறான் தம்பி. எனக்கும் தெரியும். 150 லிட்டர் ஒரே நாளில் கெட்டுப்போனால் அந்தச் சிக்கனம் எந்த மூலைக்கு?

அவர் இன்று அரை ரொட்டி சாப்பிட்டார்.

அக்டோபர் 31
தம்பி அட்டைப்பெட்டியோடு படகில் கால் வைத்துவிட்டான். கத்திவிட்டேன். அட்டையின் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும். ஒன்று உள்ளே வந்தால் போதும், கடல் நடுவே குடும்பமாகப் பெருகிவிடும். எல்லாவற்றையும் படகுத்துறையிலேயே பிரித்து, காய்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைத்தோம். அவன் மாலைவரை பேசவில்லை. அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

நவம்பர் 2
டின்களின் காகிதத்தை எல்லாம் உரித்தாகிவிட்டது. அடித்தள ஈரத்தில் அது ஊறிக் கழன்று, தண்ணீர் இறைக்கும் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். மூடியில் அழியாத மையால் எழுதினோம்: பட்டாணி, தக்காளி, மீன், மீன், பட்டாணி. எது எந்தப் பலகைக்கு அடியில் என்று நோட்டில் குறித்தேன். ஒரு டின்னை எடுத்தால் ஒரு கோடு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டு வீண். கண்ணாடிச் சீசாக்களுக்கு அவருடைய பழைய காலுறைகளை மாட்டினேன். இனி உருண்டாலும் சத்தம் வராது, உடையாது.

நவம்பர் 3
காற்று வரவில்லை.

நவம்பர் 4
முட்டை 120. ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதவை, கழுவாதவை என்று கேட்டு வாங்கினோம். ஒருமுறை குளிரில் இருந்துவிட்டு வெளியே வந்தால் வியர்த்துச் சீக்கிரம் கெட்டுவிடும். கெடாமலிருக்க வாஸ்லின் தடவும் வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முட்டையாக உள்ளங்கையில் வைத்து, ஓட்டில் ஓர் இடம் விடாமல், கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தார். கை நடுங்கியது. பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை முட்டைகளைத் திருப்பி வைப்பதும் தன் பொறுப்புதான் என்று சொல்லிவிட்டார்.

தொட்டி: லேசான வாடை. அல்லது என் மூக்கு.

நவம்பர் 6
1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். எங்கள் பயணம் ஸ்கர்வி வரும் அளவுக்கு நீளமில்லை. ஆனாலும் எலுமிச்சை ஒரு வலை நிறையத் தொங்குகிறது. முட்டைக்கோஸை வாரக்கணக்கில் வைத்திருக்கலாம், மேல் இலைகளை உரித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். பச்சைப்பயறு முளைகட்ட ஒரு சீசா. வெங்காயம் முன்னறையில், உருளைக்கிழங்கு பின்னறையில்; அருகருகே வைக்கக் கூடாது என்பார்கள்.

முதல் மூன்று நாளும் ஆட்டத்தில் யாருக்கும் சமைக்கத் தெம்பு இருக்காது. அவருக்கு எது உள்ளே தங்கும்? உப்பு பிஸ்கட் தங்கியது, சென்ற மாதம். இன்னும் பத்துப் பொட்டலம் வாங்க வேண்டும்.

நவம்பர் 7
வாங்கியது பதினைந்து.

நவம்பர் 9
காற்று திரும்புகிறது. நாளை மறுநாள் கிளம்பலாம் என்கிறான் தம்பி. 400 லிட்டர் ஏற்றியதில் படகு ஒரு விரல் தாழ்ந்து நிற்கிறது. இடது தொட்டியில் ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்றார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

நவம்பர் 10
அதிகாலை 4 மணி. விளக்கைப் போடாமல் உட்கார்ந்து முட்டை திருப்பிக்கொண்டிருக்கிறார். நேற்றுத்தானே திருப்பினார்.