மூன்றாம் அத்தியாயம்

இன்று மாலை 'அடோலசென்ஸ்' தொடரின் மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும், அடுத்ததைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

உடன் படித்த சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 13 வயதுச் சிறுவனும், அவனை மதிப்பிட வந்த உளவியலாளரும் ஓர் அறையில் அமர்ந்து பேசுவதுதான் ஏறத்தாழ அந்த அத்தியாயம் முழுவதும்.

எங்கும் வெட்டு இல்லை. ஒரே ஓட்டத்தில் படமாக்கப்பட்டிருப்பதால், அவன் சட்டென்று குரலை உயர்த்தி எழும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் அச்சத்திலிருந்து நம்மாலும் தப்ப முடிவதில்லை. அவன் போனபின் அவர் தனியே மூச்சைச் சீராக்க முயலும் அந்தச் சில நொடிகளுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

2025இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான இத்தொடருக்கு நான்கே அத்தியாயங்கள்.

சொல்லவந்த கதையே தன் நீளத்தைத் தீர்மானிக்கும் தொடர்களைத்தான் நான் நம்புகிறேன். 'முதல் ஐந்து அத்தியாயங்களைப் பொறுத்துக்கொண்டால் பிறகு நன்றாக இருக்கும்' என்ற பரிந்துரையை ஏற்க என்னால் முடிவதில்லை. நீளம் மட்டுமே குறையும் அன்று: 'பிரேக்கிங் பேட்' 62 அத்தியாயங்கள் ஓடியும் ஒரு மனிதனின் வீழ்ச்சியை அவசரமின்றிச் சொல்ல அவ்வளவும் தேவைப்பட்டது.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, 2019இல் வந்த 'செர்னோபில்' என்பேன். ஐந்தே அத்தியாயங்கள். அணு உலை ஏன் வெடித்தது என்பதைச் சிவப்பு, நீல அட்டைகளைக் கொண்டு நீதிமன்றத்தில் விளக்கும் இறுதி அத்தியாயத்தை, அறிவியல் அறியாதவரும் பதற்றத்தோடு பார்ப்பார்.