ஜஸ்டீனைக் கொன்றது யார்?

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பற்றிப் பேச்சு வந்தாலே, உண்மையான அரக்கன் விஞ்ஞானி விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனா, அவன் உயிர் கொடுத்து உருவாக்கிய அந்தப் பெயரிலியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். கைவிட்டவன்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்கிறது ஒரு கட்சி. இன்னொன்று கொலைகளை எண்ணிக் காட்டுகிறது. இந்த வழக்கை விசாரிக்கச் சரியான இடம் ஜஸ்டீன் மோரிட்ஸ் என்பேன். ஃபிராங்கன்ஸ்டைன் வீட்டில் வேலைசெய்து வளர்ந்த பெண், நாவலில் சில பக்கங்களே வருகிறாள். இருவரின் குற்றமும் அவள் விஷயத்தில்தான் சாக்குப்போக்கில்லாமல் தெரிகிறது.

விக்டரின் சின்னத் தம்பி வில்லியம் ஜெனிவாவுக்கு வெளியே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான். அவன் அணிந்திருந்த, தாயின் சிறிய உருவப்படத்தைக் காணோம். அது ஜஸ்டீனின் உடையில் அகப்படுகிறது. அன்றிரவு அவள் பையனைத் தேடி அலைந்தவள். நகரவாசல் மூடிவிட்டதால் ஒரு களஞ்சியத்தில் ஒதுங்கியவள். படம் தன்னிடம் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. விழுந்த வாக்குகள் அத்தனையும் கறுப்பு, அதாவது குற்றவாளி. தண்டனை விதிக்கப்பட்ட பிறகு பாதிரியார் வேறு, சபைவிலக்கு, நரகம் என்று மிரட்டி அவளிடம் பொய் ஒப்புதல் வாங்கிவிடுகிறார்.

இனி விக்டர். உயிர் கொடுத்த அந்த நவம்பர் இரவில், படுக்கைத் திரையை விலக்கி நின்ற உருவம் கைநீட்டியபோது அவன் ஓடிப்போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது திகில். மறுநாள் அறை காலியாக இருப்பதைக் கண்டு கைதட்டி மகிழ்ந்தானே, குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஜஸ்டீன் விஷயத்தில் அது முழுதாகிறது. கொலை நடந்த இடத்தருகே, மின்னல் வெளிச்சத்தில் அவன் அந்த உருவத்தைப் பார்த்துவிட்டான். கொன்றவன் யார் என்பதும் அந்தக் கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. விசாரணை காலை 11 மணிக்கு. வாய் திறக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறான் என்பார்கள், சலேவ் மலையின் செங்குத்துப் பாறையில் ஏறிப்போகிறவனை யார் பிடிப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான்.

இந்தச் சமாதானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மனைவி எலிசபெத்தும் செத்த பிறகு அவன் ஒரு நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்லும்போது, அவர் குழந்தையைத் தேற்றுவதுபோல் தேற்றி, ஜன்னியின் விளைவு என்றே எடுத்துக்கொள்கிறார். ஆனால் முதல்முறை பேசியிருந்தால் விக்டர் இழந்திருக்கக் கூடியது என்ன? தன் பெயர். பேசாததால் போனது அவள் உயிர். இதற்குமேல், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளின் வேதனை என் வேதனைக்கு ஈடாகாது, அவளைத் தாங்க அவளுடைய நிரபராதித்தனமாவது இருக்கிறது என்று சொல்கிறான். நாவலிலேயே எனக்கு மிக அருவருப்பான இடம் இது.

பெயரிலிக்கு வருவோம். அவனை மன்னிக்க நினைப்பவர்கள் வில்லியம் கொலையை ஆத்திரம் என்பார்கள். இருக்கட்டும். படத்தை ஜஸ்டீனின் உடை மடிப்பில் செருகியதை ஆத்திரம் என்று சொல்ல முடியாது. ஃபீலிக்ஸின் பாடங்களிடமும் மனிதர்களின் இரத்தவெறிச் சட்டங்களிடமும்தான் இந்த வித்தையைக் கற்றேன் என்கிறான் அவனே. ஃபீலிக்ஸ் யார்? பாரிஸில் அநியாயமாக மரணதண்டனை பெற்ற துருக்கி வணிகர் ஒருவரைத் தப்பவைத்ததால் சொத்தையும் நாட்டையும் இழந்தவன். அந்தக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து அவர்கள் கதையை முழுக்கத் தெரிந்துகொண்டவன் பெயரிலி. தவறான தீர்ப்பு மனிதர்களை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்தே அதை ஒரு பெண்மீது ஏவுகிறான். தகப்பன் கைவிட்டது அவன் துயரத்துக்குக் காரணம். இந்தத் திட்டம் அவனுடையதே.

1931ஆம் ஆண்டுத் திரைப்படம் இந்தச் சிக்கலைக் குறுக்குவழியில் தீர்த்துவிட்டது. அதில் உதவியாள் நல்ல மூளையைக் கீழே போட்டுவிட்டுக் குற்றவாளியின் மூளை இருக்கும் ஜாடியை எடுத்துவருவான். வில்லத்தனம் ஜாடிக்குள் போய்விட, இருவருமே தப்பித்துவிடுகிறார்கள். நாவலில் அப்படி எந்த மூளையும் இல்லை.

படிக்கிறவர்கள் 1818, 1831 என்ற இரண்டு பதிப்புகளிலும் பெயரிலி தன் கதையைச் சொல்லும் பகுதியின் கடைசி அத்தியாயத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் பதிப்பில் 2ஆம் தொகுதியின் 8ஆம் அத்தியாயம், திருத்திய பதிப்பில் 16ஆம் அத்தியாயம். 1818இல் ஜஸ்டீன் அவனைக் கடந்து நடந்துபோகிறாள். அவளுக்குத் தெரியாமல் அருகே வந்து படத்தைச் செருகிவிடுகிறான். நடக்கிறவளின் உடையில் எப்படி என்ற கேள்வி இடிக்கிறது. 1831இல் அவள் வைக்கோலில் தூங்குகிறாள். அவன் குனிந்து, காதலன் வந்திருக்கிறேன், எழுந்திரு என்று மெல்லச் சொல்கிறான். அவள் அசைகிறாள். விழித்தால் தன்னைச் சபிப்பாள், கொலைகாரன் என்று காட்டிக்கொடுப்பாள் என்று பயம் பிடிக்கிறது. அதன்பிறகுதான் படம் கைமாறுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஜஸ்டீனைப் பலிகொடுக்கலாம் என்ற கணக்கை, விசாரணை மன்றத்தில் விக்டர் போடுவதற்கு முன்பே, அவன் உருவாக்கிய பெயரிலி களஞ்சியத்தில் போட்டுவிடுகிறான்.