அம்மாவின் முழங்காலும் 1,10,100 ரூபாயும்

“கேஷ்லெஸ்தானக்கா, நீங்க ஒண்ணும் கட்ட வேண்டியிருக்காது.” அட்மிஷன் கவுன்டரில் இருந்த தம்பி இப்படிச் சொல்லித்தான் அம்மாவை உள்ளே அனுப்பினார். ஐந்தாம் நாள் சாயங்காலம் என் கையில் கொடுத்த தாளில், நாங்கள் கட்ட வேண்டியது 1,10,100 ரூபாய் என்று இருந்தது. மொத்த பில்லே 2,32,500தான்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மருத்துவக் காப்பீட்டு பாலிசி 3 லட்சத்துக்கு. ஆறு வருடமாக ஒரு தவணை விடாமல் கட்டியது. பில் 3 லட்சத்தைத் தாண்டாதவரை கவலையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று காலை பதினொரு மணிக்கே டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்தபோது மணி ஐந்தே முக்கால். மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி போட்டிருக்கிறது. கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மருத்துவமனை பில்லை அனுப்பியதே மூன்று மணிக்கு!

பிடித்தம் மூன்று வரியாக இருந்தது. அறை 11,100. மருத்துவம் சாராத பொருட்கள் 7,000. நடுவில் ‘புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ 92,000.

“அது ரூம் வாடகையால வந்ததுக்கா” என்றார் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண். என் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நான் எடுத்தது 5,500 ரூபாய் தனி அறை. மூட்டு ஆபரேஷன் ஆனவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமே என்று இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவு. 2,800 ரூபாய் ஷேரிங் அறையிலும் வெஸ்டர்ன்தான் இருந்ததாம். எட்டிப்பார்க்கக்கூட இல்லை நான்.

அறை கணக்கு உடனே புரிந்தது. நாளைக்கு 2,500 கூடுதல், நான்கு நாளைக்கு 10,000. வாடகை 5,000ஐத் தாண்டினால் முழு வாடகைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, 2022 ஜூலையிலிருந்து (ஐசியூவுக்கு இல்லை). அது 1,100. சரி. 92,000 எங்கிருந்து வந்தது?

பல மருத்துவமனைகளில் அறை மாறினால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே மாறும். அதே டாக்டர், அதே கத்தி. தனி அறைக்காரருக்கு ஒரு ரேட், ஷேரிங்காரருக்கு ஒரு ரேட். அதனால் தகுதிக்கு மேல் அறை எடுத்தால், அந்த விகிதத்திலேயே மற்றதையும் கம்பெனி வெட்டும். 5,500க்கு 3,000 என்றால் பதினொரு ரூபாய் பில்லுக்கு ஆறு ரூபாய்தான் தருவார்கள். அட்மிஷனின்போது இதை யாரும் சொல்லவில்லை. பாலிசியில் இருந்தது, நான் படிக்கவில்லை.

என் தம்பியின் ஜிபேயில் பாதி, என் கார்டில் பாதி. கட்டிவிட்டு அம்மாவைக் கூட்டி வந்தோம்.

மறுநாள் விவரமான பில்லை விரித்து, கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். டாக்டர்கள், மயக்க மருந்து, தியேட்டர், ரவுண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து 1,03,400. அதில் பதினொன்றில் ஐந்து பங்கு 47,000. மீதி 45,000 எதில் பிடித்தார்கள் என்று பார்த்தால் இம்பிளான்ட் (உள்ளே பொருத்திய செயற்கை மூட்டு), மருந்து, லேப் டெஸ்ட்! தனி அறையில் படுத்தால் இம்பிளான்ட் விலை கூடுமா என்ன? நான் பயந்ததே அந்த 62,000 ரூபாய் இம்பிளான்டைப் பார்த்துத்தான். 2017இல் அரசு முழங்கால் இம்பிளான்டுக்கு விலை வரம்பு கொண்டுவந்திருந்ததால், கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் எம்ஆர்பியோடு ஒப்பிட்டேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து, இந்த விகித வெட்டுக்கு உட்படும் செலவுகளான ‘அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்’ என்பதற்கான விளக்கத்தைத் தேடிப் படித்தேன். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்பிளான்ட், பரிசோதனைகள் இதில் சேராது என்று அச்சாகவே இருந்தது. 2020இல் ஐஆர்டிஏஐ சொன்னதும் இதுதான். அறைக்கேற்ப ரேட் மாறாத மருத்துவமனை என்றால் இந்த விகித வெட்டே கூடாது என்றும் இருந்தது. ஆசையாக மருத்துவமனையில் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். இங்கே மாறத்தான் செய்தது. ஆக 47,000 போனது போனதுதான்.

கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு மெயில் போட்டேன். ‘பாலிசி விதிகளின்படியே பிடித்தம்’ என்று நான்கே வரியில் பதில். இரண்டாவது மெயிலில் கோபத்தைக் குறைத்துக் கணக்கைக் கூட்டினேன். பாலிசியின் பக்க எண், பில்லின் வரிகள், 45,000 வந்த விதம், முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்ற ஒரு வரி. அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அந்த 7,000க்கு மருத்துவமனைக்கே போனேன். கையுறை, மாஸ்க், கிரேப் பேண்டேஜ், டயப்பர் என்று 4,300. இவை கம்பெனி தராத பொருட்களின் பட்டியலில் இருப்பவை, பேச முடியவில்லை. ஃபைல் திறக்கும் கட்டணம், அட்மிஷன் கிட், டாக்குமென்டேஷன் என்று மீதி 2,700. “இதெல்லாம் அறை வாடகைக்குள்ளயே அடக்கம்னு ஐஆர்டிஏஐ பட்டியல்ல இருக்கே சார், தனியா எப்படிப் போட்டீங்க?” என்றேன். பில்லிங் மேனேஜர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு ஃபைல் கட்டணம் 350ஐ மட்டும் திருப்பித் தந்தார். “கிட்டைப் பிரிச்சிட்டீங்களேம்மா” என்றார். உண்மைதான். சோப்பு, பேஸ்ட், ஒரு நீலச் சீப்பு, 850 ரூபாய். அம்மா முதல் நாளே தலை வாரிவிட்டார்.

இரண்டாவது மெயில் அனுப்பிய பத்தொன்பதாம் நாள் 45,000 வரவாகிவிட்டதாக மெசேஜ் வந்தது. வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன்.

“சீப்புக்கும் சேத்தா?”

“இல்லம்மா. அது நம்ம காசு.”

“அப்ப பத்திரமா எடுத்து வை. இடது காலுக்குப் போறப்ப கொண்டுபோவோம்.”